சென்னை நகரத் திரையரங்குகளும் கலையரங்குகளும்: களஆய்வு நோக்கில் ஒரு விளக்கம்

முன்னுரை

முத்தமிழ் என்னும் பகுப்பில் இயற்றமிழுக்குச் சுவடியும் கல்வெட்டும் அச்சு நூலும் சான்றுகளாக நிற்கின்றன. இசைத்தமிழுக்கும் நாடகத்தமிழுக்கும் அவை மட்டும் போதா. பாடலும் ஆடலும் ஓர் இடத்தில், ஓர் அவையின் முன் நிகழ்ந்து முடிபவை. நிகழ்ச்சி முடிந்தபின் எஞ்சுவன பனுவலும் சிலரது நினைவும் அந்த இடமும் ஆகும். இம்மூன்றனுள் இடத்தைத் தமிழாய்வு இதுவரை போதிய அளவு கருத்தில் கொள்ளவில்லை. நாடகப் பனுவல்களைப் பதிப்பித்த அளவிற்கு அவை நடிக்கப்பெற்ற கொட்டகைகளை நாம் பதிவு செய்யவில்லை.

சென்னை நகரில் கடந்த 130 ஆண்டுகளுக்கு மேலாக எழுந்த அரங்குகளுள் சில இன்றும் சென்று காணத்தக்க நிலையில் உள்ளன. பல மறைந்துவிட்டன. அவற்றை ஆய்வாளர் எம்முறையில் காணலாம், அவற்றிலிருந்து எவற்றை அறியலாம் என்பதை விளக்க இக்கட்டுரை முற்படுகிறது. தொடக்கத்தில் ஒரே கூரையின்கீழ் நிகழ்ந்த கலைகள் காலப்போக்கில் தனித்தனிக் கட்டடங்களுக்குப் பிரிந்தபோது அவற்றைக் காணவந்த மக்களும் பிரிந்தனர் என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். எனவே ஓர் அரங்கின் மேடையைக் காண்பதைப் போலவே அதன் வாசலையும் இருக்கைகளையும் காண்பது இன்றியமையாதது.

சொற்கள் தரும் சான்று

அரங்கு என்பது பழந்தமிழ்ச் சொல். சிலப்பதிகார அரங்கேற்று காதை எட்டுக் கோல் நீளமும் ஏழு கோல் அகலமும் ஒரு கோல் உயரமும் கொண்ட ஆடலரங்கை அளவோடு கூறுகிறது. இருபத்து நான்கு விரல் கொண்ட அளவுகோல், இரு வாயில்கள், ஒருமுக எழினி, பொருமுக எழினி, கரந்துவரல் எழினி என்னும் மூவகைத் திரைகள், தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதவாறு வைக்கப்பட்ட விளக்கு ஆகியன அங்கே சுட்டப்படுகின்றன. ஆயினும் காண்போர் எங்கே, எவ்வரிசையில் அமர்ந்தனர் என்பதை மூலம் விரித்துரைப்பதில்லை. அளக்கப்பட்டது ஆடுவோர் இடமே. காண்போர் இடத்தைப் பற்றிய வினாவை நவீன நகரத்தின் அரங்குகளே தெளிவாக எழுப்புகின்றன.

சென்னையின் அரங்குப் பெயர்களைத் தொகுத்து நோக்கினால் ஐந்து சொற்கள் மேலோங்கி நிற்பதைக் காணலாம். கொட்டகை என்பது கீற்றும் தகரமும் வேய்ந்த எளிய அமைப்பைச் சுட்டி, பின்னர் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டப்பெற்ற நாடக, திரைப்பட இல்லங்களுக்கும் வழங்கியது. டாக்கீஸ் என்பது பேசும்படக் காலத்தின் வரவு. சபா என்பது முதலில் உறுப்பினர்களின் கூட்டமைப்பைக் குறித்து, பிறகு அக்கூட்டமைப்பின் கட்டடத்திற்கும் ஆகுபெயராயிற்று. மன்றம் என்பது சங்க இலக்கியத்தில் ஊர் நடுவே மக்கள் கூடிய பொதுவிடம். அரங்கம் என்பது இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அரசும் தமிழார்வலரும் விரும்பி மீட்ட சொல். கொட்டகைக்குச் செல்பவர் சீட்டு வாங்குகிறார். சபாவுக்குச் செல்பவர் சந்தா செலுத்துகிறார். இவ்வேறுபாடே பின்வரும் பகுதிகளின் அடிப்படை.

பொது அரங்குகளின் காலம்

களஆய்வைத் தொடங்குவதற்கு உரிய இடம் சென்னை சென்ட்ரல் ரயில் நிலையத்திற்கு அருகில், ரிப்பன் கட்டடத்தை அடுத்துள்ள விக்டோரியா பொது மண்டபம். ராபர்ட் சிசம் வரைந்த இச்செங்கல் கட்டடத்தை நம்பெருமாள் செட்டியார் கட்டினார். அடிக்கல் 1883இல் நாட்டப்பட்டது. விக்டோரியா அரசியின் பொன்விழா நினைவாக அது பெயர் பெற்றது. பம்மல் சம்பந்த முதலியார் 1891இல் தோற்றுவித்த சுகுண விலாச சபை தன் நாடகங்களை இம்மண்டபத்தில் நடத்தியது. வழக்கறிஞர்களும் அலுவலர்களும் நடிகர்களாக மேடையேறியது அக்காலத்தில் சமூக மதிப்பு சார்ந்த பெரும் மாற்றம். சம்பந்த முதலியாரின் ‘நாடக மேடை நினைவுகள்’ நூலைக் கையில் வைத்துக்கொண்டு இம்மண்டபத்தைக் காண்பது ஆய்வாளருக்குப் பயன்தரும். அந்நூல் கூறும் ஒத்திகை, திரைச்சீலை, ஒளியமைப்பு பற்றிய செய்திகள் அப்போது வெறும் தகவல்களாக நில்லாமல் இடத்தோடு பொருந்தும்.

இதே மண்டபத்தில்தான் 1897இல் சென்னையின் முதல் சலனப்படக் காட்சி ஐரோப்பியர் ஒருவரால் நடத்தப்பெற்றது. அதே ஆண்டில் விவேகானந்தர் ஆற்றிய சொற்பொழிவுகளும் இங்கு நிகழ்ந்தன. நாடகம், படம், சமயச் சொற்பொழிவு, அரசியல் கூட்டம் ஆகிய அனைத்திற்கும் ஒரே கூடம் பயன்பட்டது. கலைகளுக்கிடையே இன்று நாம் காணும் எல்லைகள் அன்றைய கட்டடத்தில் இல்லை.

எழும்பூர் அரசு அருங்காட்சியக வளாகத்திலுள்ள அருங்காட்சியக அரங்கு அடுத்துக் காணத்தக்கது. ஹென்றி இர்வின் வடிவமைத்த இவ்வரங்கு 1896இல் திறக்கப்பட்டது. அரைவட்டமாக அமைந்த இருக்கை வரிசைகள் மேடையைச் சூழ்ந்து நிற்பதால் குரல் பின்வரிசைவரை செல்கிறது. முதலில் இது ஆங்கில நாடகங்களை விரும்பிய ஐரோப்பியர் வட்டத்தின் அரங்கு. பின்னர் இந்திய நாடகக் குழுக்களும் இதனைப் பயன்படுத்தின.

இவ்விரண்டிற்கும் மாறாக, வால்டாக்ஸ் சாலையிலிருந்த ஒற்றைவாடை அரங்கம் தொழில்முறை நாடகக் கம்பெனிகளின் களம். ஒலிபெருக்கி வாராத அக்காலத்தில் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவரின் காதுக்குப் பாட்டு எட்ட வேண்டும். அதனாலேயே உயர்ந்த சுருதியில் பாட வல்ல நடிகர் பெருமதிப்புப் பெற்றார். எஸ்.ஜி. கிட்டப்பாவின் குரலுக்கு ஏற்பட்ட புகழை அக்காலக் கொட்டகையின் நீளத்தோடும் கூட்டத்தின் இரைச்சலோடும் சேர்த்தே மதிப்பிட வேண்டும். பாடும் முறையை இலக்கணம் மட்டும் வகுப்பதில்லை. பாடும் இடமும் வகுக்கிறது.

கொட்டகையிலிருந்து திரையரங்கு

1913இல் வார்விக் மேஜர் என்பவர் மவுண்ட் ரோடில் எலெக்ட்ரிக் தியேட்டரைத் தொடங்கினார். திரைப்படத்திற்கெனவே சென்னையில் எழுந்த தொடக்கக் கட்டடங்களுள் ஒன்று இது. சில ஆண்டுகளில் அஞ்சல் துறை இதனை வாங்கியது. இன்றும் அண்ணா சாலை தலைமை அஞ்சலக வளாகத்தில் அஞ்சல்தலைச் சேகரிப்பு நிலையமாக அது நிற்கிறது. அஞ்சல்தலை வாங்கச் செல்வோருள் பலர் தாம் ஒரு திரையரங்கின் உள்ளே நிற்பதை அறியார். முதலில் கூடாரங்களில் படம் காட்டி வந்த ரகுபதி வெங்கையா 1914இல் கெயிட்டி அரங்கைக் கட்டினார். தென்னிந்தியர் ஒருவர் சென்னையில் உரிமையாளராக நின்று கட்டிய முதல் திரையரங்கு அது. அவரே கிரவுன், குளோப் ஆகியவற்றையும் தொடங்கினார். கெயிட்டி இன்று இல்லை.

திரையரங்கின் கட்டட அமைப்பைச் சட்டமும் தொழில்நுட்பமும் தீர்மானித்தன. தொடக்ககாலப் படச்சுருள் எளிதில் தீப்பற்றும் நைட்ரேட் வகையைச் சார்ந்தது. ஒளிக்குக் கார்பன் குச்சிகள் எரிக்கப்பட்டன. எனவே படம் ஓட்டும் அறை பார்வையாளர் கூடத்திலிருந்து தீப்பரவாத சுவரால் பிரிக்கப்பட வேண்டியிருந்தது. 1918ஆம் ஆண்டின் இந்தியத் திரைப்படச் சட்டம் அரங்குகளுக்கு உரிமம் பெறுவதைக் கட்டாயமாக்கியது. 1955ஆம் ஆண்டின் சென்னைத் திரையரங்குகள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் நிலையான அரங்கு, அரைநிலையான அரங்கு, டூரிங் டாக்கீஸ் என வேறுபடுத்தின. பழைய அரங்கொன்றைக் காணும்போது படம் ஓட்டும் அறையின் சிறிய சதுரத் துளைகள், அதற்குச் செல்லும் தனிப்படிக்கட்டு, அவசர வாயில்களின் எண்ணிக்கை ஆகியவற்றை இச்சட்டப் பின்புலத்தில் நோக்கலாம்.

தமிழ் பேசும்படத்தின் தொடக்கமான ‘காளிதாஸ்’ 1931ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாள் சென்னை கினிமா சென்ட்ரல் அரங்கில் வெளியாயிற்று. அடுத்த ஆண்டுகளில் நாடகக் கம்பெனிகளின் நடிகர்களும் பாடல்களும் கதைகளும் திரைக்குச் சென்றன, கொட்டகைகளும் உடன்சென்றன.

பார்வையாளர் வரலாற்றில் திரையரங்கின் பங்கை முதலில் தெளிவுறச் சுட்டியவர் பேராசிரியர் கா. சிவத்தம்பி. பிறப்பால் வேறுபடுத்தப்பட்ட தமிழர் அனைவரும் ஒரே கூரையின்கீழ் அமர்ந்து ஒரே நிகழ்ச்சியைக் கண்ட முதற்களம் திரையரங்கே என்பது அவர் கருத்து. அங்கும் வேற்றுமை இருந்தது. தரை, பெஞ்சு, நாற்காலி, சோபா, பால்கனி என வகுப்புகள் அமைந்தன. சில அரங்குகளில் வகுப்புக்கு ஒரு வாசல் இருந்தது. ஆயினும் வகுப்பை முடிவு செய்தது கையிலிருந்த காசு. கோயில் வாசலிலும் தெருக்கூத்துக் களத்திலும் நிலவிய இட ஒதுக்கத்தோடு ஒப்பிடும்போது இம்மாற்றத்தின் பரிமாணம் புலனாகும்.

அண்ணா சாலை திரையரங்குகளின் சாலையாக வளர்ந்தது 1960களில். சாந்தி 1961இலும் சபையர் 1964இலும் தேவி 1970இலும் திறக்கப்பட்டன. 70 மில்லிமீட்டர் படச்சுருளும் பல்தட ஒலியும் அகன்ற, வளைந்த திரையை வேண்டின. அதற்கேற்பக் கூடமும் அகன்றது. சபையர், எமரால்டு, புளூ டைமண்ட் என மூன்று அரங்குகள் ஒரே வளாகத்தில் அமைந்தமை பிற்கால மல்டிபிளெக்ஸுக்கு முன்னோடி. தேவி வளாகம் இன்றும் இயங்குகிறது. ராயப்பேட்டையில் 1974இல் தொடங்கிய சத்யம் காலத்திற்கேற்ப உருமாறித் தொடர்கிறது. இவ்விரண்டையும் நேரில் கண்டபின் வணிக வளாகத்தினுள் அமைந்த புதிய அரங்கொன்றைக் காண்பது ஒப்பீட்டிற்கு உதவும். பழைய அரங்கின் முகப்பு தெருவை நோக்கியது. புதியதன் முகப்பு கடைகளை நோக்கியது. முதல் நாள் முதல் காட்சிக்குத் தெருவில் திரண்ட கூட்டத்திற்குப் புதிய அமைப்பில் நிற்க இடமில்லை.

சபாக்களும் மன்றமும்

திருவல்லிக்கேணி பார்த்தசாரதி சுவாமி சபா பத்தொன்பதாம் நூற்றாண்டு முடிந்து இருபதாம் நூற்றாண்டு தொடங்கும் காலத்தில் தோன்றியது. கோயிலும் அரண்மனையும் புரந்த இசை, சந்தா செலுத்தும் நகர நடுத்தர வகுப்பினரின் கைக்கு மாறியதற்கு அது தக்க சான்று. 1927இல் சென்னையில் கூடிய காங்கிரஸ் மாநாட்டை ஒட்டி நடந்த இசை மாநாட்டின் விளைவாக மியூசிக் அகாதெமி உருவாயிற்று. பந்தல்களிலும் பிறர் மண்டபங்களிலும் நிகழ்ச்சி நடத்திய அந்நிறுவனம் 1962இல் சொந்த அரங்கைப் பெற்றது. 1930களில் சதிர் ஆடல் பரதநாட்டியம் என்னும் பெயருடன் நகர மேடைக்கு வந்ததில் அகாதெமியின் பங்கும், 1936இல் ருக்மிணி தேவி தோற்றுவித்த கலாக்ஷேத்திராவின் பங்கும் பெரிது. அம்மேடைக்கு ஆடலைக் கொணர்ந்த மரபினர் பின்னர் அதிலிருந்து பெரும்பாலும் விலக நேர்ந்ததையும் ஆய்வாளர் மறத்தலாகாது. திருவான்மியூரிலுள்ள கலாக்ஷேத்திரா அரங்கு கேரளக் கூத்தம்பல அமைப்பைத் தழுவியது. சாய்ந்த கூரையும் மரவேலைப்பாடும் ஆடுவோர்க்கும் காண்போர்க்கும் இடையே நெருக்கத்தை ஏற்படுத்துகின்றன.

கச்சேரி மேடையில் தமிழ்ப் பாடல்களுக்கு உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கை 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக மாநாட்டில் வலுப்பெற்றது. 1943இல் தமிழிசைச் சங்கம் தோன்றியது. அதன் இல்லமான ராஜா அண்ணாமலை மன்றம் உயர் நீதிமன்றத்திற்கு அருகே எஸ்பிளனேடு பகுதியில் உள்ளது. சபா என்ற பெயரை ஏற்காது மன்றம் என்ற பெயரைக் கொண்டமை தற்செயல் அன்று. அப்பெயரே ஒரு வாதம். அங்கு நடந்துவரும் பண்ணாராய்ச்சிக் கூட்டங்கள் தேவார இசை ஆய்வுக்கு ஆற்றிய தொண்டு தமிழ்த்துறையினர் நன்கு அறிந்ததே. அகாதெமியையும் மன்றத்தையும் ஒரே நாளில் காணும் ஆய்வாளர் தமிழிசை இயக்கத்தின் இரு துருவங்களை நேரில் கண்டவராவார்.

திரையும் சபாவும் முற்றிலும் எதிரெதிரானவை என்று கொள்வதும் பிழை. தியாகராய நகர் வாணி மகால் எழுந்தது திரைப்பட நடிகர் சித்தூர் வி. நாகையாவின் முயற்சியால். 1960களில் சபா மேடைகளில் நடந்த கே. பாலசந்தரின் ‘மேஜர் சந்திரகாந்த்’, ‘எதிர்நீச்சல்’ முதலிய நாடகங்கள் திரைப்படங்களாயின. ஒரே அறையில் நிகழும் கதை, உரையாடலின் முதன்மை, பாத்திரங்களின் வரவும் செலவும் ஆகியன சபா மேடையின் அளவு இட்ட வரம்புகள். அவ்வரம்புகள் படங்களிலும் தடம் பதித்துள்ளன.

நாடகம் தேடிய இடங்கள்

அரசு எழுப்பிய அரங்குகளுள் கலைவாணர் அரங்கத்தின் வரலாறு தனித்தன்மை உடையது. 1952இல் சட்டமன்றத்திற்காகக் கட்டப்பட்ட கூடம் பின்னர் பாலர் அரங்கமாயிற்று. அதன்பின் என்.எஸ். கிருஷ்ணன் நினைவாகக் கலைவாணர் அரங்கம் எனப்பட்டது. பழைய கட்டடம் இடிக்கப்பட்டு 2016இல் புதியது திறக்கப்பட்டது. பெருந்தொற்றுக் காலத்தில் சட்டமன்றம் மீண்டும் அங்கே கூடியது.

1977இல் ந. முத்துசாமி முதலியோரால் தோன்றிய கூத்துப்பட்டறையும், 1978இல் ஞாநி தொடங்கிய பரீக்ஷாவும் சபா மேடையை ஏற்காதவை. சிறு கூடங்கள், மொட்டை மாடிகள், அயல்நாட்டுப் பண்பாட்டு மையங்களின் அரங்குகள் ஆகியன இத்தகைய நாடகங்களுக்கு இடம் தந்தன. தெருக்கூத்தின் அடவும் உடல்மொழியும் இக்குழுக்களின் வழியாக நகர நாடகத்தில் கலந்தன. பெசன்ட் நகர் கடற்கரையை ஒட்டி ஆடற்கலைஞர் சந்திரலேகா வாழ்ந்த ‘ஸ்பேசஸ்’ வளாகத்தின் திறந்த அரங்கும் இவ்வகையில் காணத்தக்கது.

வடசென்னையின் கானாவுக்குத் தனி அரங்கு ஒருபோதும் இருந்ததில்லை; தெருவும் இறப்பு வீடுமே அதன் களங்கள். 2015இல் ஊரூர் ஆல்காட் குப்பத்தில் தொடங்கிய விழாவும், 2020இல் தொடங்கிய ‘மார்கழியில் மக்களிசை’ நிகழ்ச்சிகளும் எக்கலை எவ்விடத்திற்கு உரியது என்னும் பழைய ஏற்பாட்டைக் கேள்விக்கு உட்படுத்தின. முன்னது சபாக் கலையை மீனவர் குப்பத்திற்குக் கொண்டு சென்றது. பின்னது கானாவையும் பறையையும் மார்கழி மேடைக்குக் கொணர்ந்தது.

வாசல் பற்றிய வினா முடிந்துபோன ஒன்று அன்று. 2023இல் சென்னைத் திரையரங்கு ஒன்றில் சீட்டு வைத்திருந்த நரிக்குறவர் குடும்பத்தினர் முதலில் உள்ளே விடப்படவில்லை. நிர்வாகம் படத்தின் வயதுத் தகுதியைக் காரணமாகக் கூறியது. எதிர்ப்பு எழுந்தபின் அவர்கள் அனுமதிக்கப்பட்டனர். சீட்டே தகுதி என்னும் திரையரங்கின் அடிப்படை உறுதிமொழி எவ்வளவு அரிதாகப் பெறப்பட்டது, எவ்வளவு எளிதாகத் தளரக்கூடியது என்பதை அந்நிகழ்வு காட்டிற்று.

மறைந்தனவும் செய்யவேண்டுவனவும்

சபையர் இடிக்கப்பட்டது. சாந்தி 2016இலும், தண்டையார்பேட்டை அகஸ்தியா 2020இலும், அசோக் நகர் உதயம் 2024இலும் மூடப்பட்டன. ஆர்மேனியன் தெருவில் அன்னி பெசன்ட் முயற்சியால் எழுந்த கோகலே மண்டபம், அரசியல் உரைகளும் கச்சேரிகளும் நிகழ்ந்த இடம், ஒரு பகுதி இடிபட்ட நிலையில் நீதிமன்ற வழக்கால் நின்றது. நிலத்தின் விலை உயர்வும் பார்வையாளர் குறைவும் உரிமையாளரை நெருக்குகின்றன. அவர்களை மட்டும் குறைகூறுவது முறையன்று. ஆனால் கட்டடம் இடியும் முன் பதிவு செய்யாமை ஆய்வுலகின் குறை.

களஆய்வு மேற்கொள்வோர் பின்வருவனவற்றைப் பதிவு செய்தல் வேண்டும். முதலாவது, வாசல்களின் எண்ணிக்கையும் அவற்றின் வழியே சென்ற வகுப்பினரும். இரண்டாவது, மேடை அல்லது திரையின் அளவு, இருக்கை வரிசைகளின் சாய்வு, கடைசி வரிசையின் தொலைவு. மூன்றாவது, சீட்டு விலைப்பலகை, வகுப்புப் பெயர்கள், அறிவிப்புகளின் மொழிநடை. இவை வழக்குத்தமிழுக்கும் சான்றுகள். நான்காவது, படம் ஓட்டியவர், சீட்டுக் கிழித்தவர், ஒப்பனை செய்தவர், சபா உணவகம் நடத்தியவர் ஆகியோரின் வாய்மொழி. டிஜிட்டல் முறை வந்தபின் படச்சுருளோடு பழகிய தொழிலாளரின் அறிவு அவர்களோடு மறையும் நிலையில் உள்ளது. இப்பதிவுகளைத் தரமணி ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகத்திலுள்ள நாடக நூல்கள், திரைப்படப் பாட்டுப் புத்தகங்கள் ஆகியவற்றோடு ஒப்பிட்டால் பனுவலும் இடமும் ஒன்றையொன்று விளக்கும்.

முடிவுரை

விக்டோரியா பொது மண்டபத்தில் தொடங்கி, பழைய எலெக்ட்ரிக் தியேட்டர், தேவி, ராஜா அண்ணாமலை மன்றம், மியூசிக் அகாதெமி, வாணி மகால், கலாக்ஷேத்திரா, பெசன்ட் நகர்க் கடற்கரை என்று செல்லும் வழி, நவீனத் தமிழ் நிகழ்த்துகலை வரலாற்றின் பல கட்டங்களைக் காட்டுவது ஆகும். அவ்வழியில் செல்லும் ஆய்வாளர் ஒரே கூடத்தில் கலந்திருந்த கலைகள் பிரிந்ததையும், ஒவ்வொரு கலையும் தனக்குரிய அவையைத் தேர்ந்துகொண்டதையும், விடப்பட்டோர் வேறு களங்களை அமைத்துக்கொண்டதையும் காண்பர். அரங்கேற்று காதை ஆடுவோர் நின்ற இடத்தை விரற்கணக்கில் நமக்கு விட்டுச் சென்றது. காண்போர் அமர்ந்த இடத்தை அளந்து வைக்கும் பணி நம் தலைமுறைக்கு உரியது. அளப்பதற்குரிய கட்டடங்கள் சில இன்னும் நிற்கின்றன.